காஸ்ட் அயர்ன் புல்லட் எஞ்சினை முதல் முறை பிரிக்கிறீர்களா? எதை முதலில், எதை அப்புறம்

வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் உள்ள பழைய புல்லட் 350-ஐப் பற்றிய வழிகாட்டி இது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. சிலிண்டர் (பட்டறைப் பேச்சில் இதையும் 'போர்' என்பார்கள், கீழே போர் என்பது இதைத்தான்) வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், கியர்பாக்ஸ் தனி. உள்ளே எல்லாமே கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிதாக இருப்பதால், புதியவர் கை வைத்துக் கற்றுக்கொள்ள இது நல்ல எஞ்சின்.

முதல் முறை பிரிப்பவர்கள் பலரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பலம் போதாமல் அவர்கள் மாட்டிக்கொள்வதில்லை, வரிசை தவறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டேங்கைக் கழற்றியதும் கண்ணில் படுவது ஹெட். அதைக் கழற்றி, போரை உருவி, கிளட்சையும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கிராங்க் முனையில் இருக்கும் நட்டைத் திருப்பினால் கிராங்க்கும் சேர்ந்து சுற்றும். பிடித்து நிறுத்த எதுவும் மிச்சம் இருக்காது. அங்கேதான் சுத்தியலும் உளியும் வெளியே வருகின்றன. கீழே உள்ள வரிசை அந்த நிலை வராமல் இருப்பதற்காகப் போட்டது.

## 1. எதுவரை பிரிக்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

நீலப் புகை, கம்ப்ரெஷன் குறைவு, ஹெட்டில் ஆயில் கசிவு என்று மேல் பாகத்தில் மட்டும் தொல்லை என்றால் 3, 5, 8, 9 ஆகிய படிகளே போதும். எஞ்சினைச் சேஸிலிருந்து இறக்கவே தேவையில்லை.

கீழ்ப் பாகத்தைத் திறக்கக் காரணம் வேண்டும்: பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் முனை) தட்டும் சத்தம், மெயின் பேரிங் உறுமல், கிராங்க் கேஸில் விரிசல், தண்ணீர் புகுந்து வருடக்கணக்கில் நின்ற வண்டி, இப்படி ஏதாவது ஒன்று. "கையோடு அதையும் பார்த்துவிடலாம்" என்பது காரணம் ஆகாது. நன்றாக இருக்கும் கிராங்க் கேஸைத் திறந்தால் புதிதாக ஆயில் கசிவுக்கு வழி விட்டதாகத்தான் ஆகும்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்பேனரில்தான் முதல் சிக்கல் வரும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகளும், பின்னால் வந்த மெட்ரிக் போல்ட்களும் கலந்து கிடக்கும். பிரிட்டிஷ் மரைக்கான விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் அளவைக் குறிக்கும், நட்டின் அகலத்தை அல்ல. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. அந்த நட்டுக்கு 13 நுழையாது, 14 வழுக்கும். 14-ஐப் போட்டு மூலை மழுங்கிய நட்டுகள் இல்லாத பழைய புல்லட் அபூர்வம். 3/16, 1/4, 5/16, 3/8 ஆகிய நான்கு அளவுகளிலும் விட்வொர்த் ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் வாங்கி வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் தேடலாம். பழையது போதும் என்றால் புதுப்பேட்டை.

அடுத்தது புல்லர்கள். கிளட்ச் மையத்துக்கு ஒன்று, டைமிங் பினியனுக்கு (கிராங்க் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஒன்று. இரண்டுமே புல்லட்டுக்கென்று செய்யப்பட்டவை. இவை கைக்கு வரும்வரை 10-ஆம் படியைத் தொடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரை இரண்டு பக்கமும் கொடுத்து நெம்பினால் கிளட்ச் டிரம் கோணிவிடும்.

மற்றபடி இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், சர்க்ளிப் பிளையர், மரச்சுத்தி, ஹாட் ஏர் கன், ஆயில் பிடிக்க அகலமான தட்டு, பனியன் துணி, ஜிப் கவர்கள், அழியாத மார்க்கர், நாலைந்து அட்டைகள் வேண்டும். பாகங்களைக் கழுவ டீசல். பெட்ரோல் வேண்டாம், இதே மேசையில் பின்னால் சூடு காட்டப் போகிறோம்.

பேக்கிங் (கேஸ்கெட்) செட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. கழற்றும்போதே பழையதோடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

## 3. கழுவும் முன் பாருங்கள், கழற்றும் முன் கழுவுங்கள்

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். எந்த இணைப்பில் ஆயில் ஊறுகிறது, எங்கே அழுக்கு தடித்திருக்கிறது என்று படம் எடுங்கள். கழுவிய பிறகு இந்தத் தடயம் எதுவும் இருக்காது.

அப்புறம் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். குறிப்பாக ஸ்பார்க் பிளக்கைச் சுற்றிய குழி, போர் கிராங்க் கேஸோடு சேரும் இடம், டேப்பட் கவரைச் சுற்றிய பகுதி. போரைத் தூக்கும் நொடியில் அங்கே ஒட்டியிருக்கும் மணல் நேராகக் கிராங்க்குக்குள்தான் விழும்.

எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் கிக்கரில் ஏறி நிற்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அந்த அசைவில் விடுபடாத பிஸ்டன் இன்னும் ஊற வேண்டும் என்று அர்த்தம்.

## 4. ஆயிலை வடித்தல்

இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸின் பின்பகுதியே டேங்க். அதனால் அடியில் ஒரு வடிகால் போல்ட்டைத் திறந்ததோடு வேலை முடிந்துவிடாது. டேங்க் பக்கம், கிராங்க் பக்கம் இரண்டையும் திறக்க வேண்டும். பல நாள் நின்ற வண்டியில் டேங்கில் இருந்த ஆயில் கிராங்க் பக்கம் இறங்கிப்போயிருக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் காணவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மினுமினுக்கும் நுண்துகள் பழைய எஞ்சினில் ஓரளவு சகஜம். செதில் செதிலாக உலோகம் வந்தால் முதல் படியில் எடுத்த முடிவை மாற்ற வேண்டியிருக்கும். டைமிங் பக்கத்து ஃபில்டரையும் உருவி, அதன் மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பிரிங், வாஷர்கள் வந்த வரிசையைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் ஆயில் ஃபில்டரைத் தொடாமல் போய்விடும்.

## 5. டேங்க், கார்பரேட்டர், சைலன்சர்

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை வேறு அறையில் வையுங்கள். கார்பரேட்டரை ஹெட்டிலிருந்து கழற்றி, கேபிளோடு ஒரு கவரில் சுற்றி ஓரமாகக் கட்டிவிடலாம். ராக்கருக்கு (வால்வை அமுக்கும் நெம்புகோல்) போகும் மெல்லிய ஆயில் பைப்புகளின் போல்ட்டில் இருபுறமும் செம்பு வாஷர் இருக்கும். அதில் ஒன்று பைப்போடு ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு தொலைந்துபோவது வாடிக்கை. எண்ணி எடுங்கள்.

## 6. டைமிங் கவரும் வார்ம் நட்டும்

வலது பக்கத்தை முதலில் திறப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது: இடது பக்கம் இன்னும் பிரைமரி செயின் (கிராங்க்கையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின்), கிளட்ச், பிரேக் பெடல் எல்லாம் முழுசாக இருக்கின்றன. டாப் கியரில் போட்டு, நண்பர் ஒருவர் பிரேக்கை மிதித்தால் கிராங்க் அசையாது. இந்த வசதி பின்னால் கிடைக்காது.

ஓர் அட்டையில் டைமிங் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். கெட்டியாகப் பிடித்த ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட் டிரைவர் போடுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரில் முயன்றால் தலை சிதைவதுதான் மிச்சம்.

கவரை மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி, நேராக இழுங்கள். ஆயில் பம்புகள் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கின்றன. பம்ப் ஷாஃப்ட்டின் பற்கள் வார்மிலிருந்து (கிராங்க் முனையில் பம்பைச் சுற்றவைக்கும் திருகுப் பல்) விடுபடும்போது ஷாஃப்ட் சற்றுச் சுழன்றபடி வரும். அந்தச் சின்னத் தடையை ஒட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங் என்று நினைத்து இணைப்பில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்துவிடாதீர்கள். கவரின் உள்பக்கம், கிராங்க் முனைக்கு எதிரே ஒரு கார்க் சீல் இருக்கிறதா பாருங்கள். பிக் எண்டுக்குப் போகும் ஆயில் அழுத்தத்தைக் காப்பது அந்தச் சின்னக் கார்க்தான். பழையதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. "புது கார்க்" என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் முனையில் தெரியும் வார்ம்தான் பினியனைப் பிடித்திருக்கும் நட்டும். இது இடது மரை. தளர்த்த, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் வழக்கமான திசையில் ஆள் உயரப் பைப்பை மாட்டித் திருப்பி, வார்மைப் பாழாக்கியவர்கள் உண்டு. வார்ம் போனால் ஆயில் பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றாவிட்டால் எஞ்சினே போகும்.

தளர்ந்ததும் முழுவதும் கழற்ற வேண்டாம். கையால் திரும்ப இறுக்கி விட்டுவிடுங்கள். கிராங்க்கை இன்னும் சில முறை சுற்ற வேண்டியிருக்கிறது.

## 7. பிரைமரி கவரும் ரோட்டர் நட்டும்

இடது ஃபுட்ரெஸ்ட்டையும், கவரை மறைக்கும் பிரேக் பெடலையும் அகற்றுங்கள். வெளிக்கவரை நடுவில் இருக்கும் ஒரே நட்தான் பிடித்திருக்கிறது. அடியில் தட்டு வைத்த பிறகே கவரைத் தளர்த்துங்கள், உள்ளே ஆயில் இருக்கும்.

முதலில் தெரிவது ஆல்டர்னேட்டர் ஸ்டேட்டர். அதன் மூன்று நட்டுகளைக் கழற்றி, வயர் இழுபடாமல் வெளியே எடுங்கள். காந்தம் இழுக்கும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ரோட்டர், கிராங்க்கோடு சுற்றும் காந்தம்.

ரோட்டர் நட்டுக்கும் கிராங்க் நிலையாக நிற்க வேண்டும். பெடல் இப்போது இல்லை. அதனால் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தில் பிரேக் ராட் சேரும் லீவரை ஒருவர் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்தப் பிடி கிளட்ச் பிளேட்டுகள் வழியாகத்தான் கிராங்க்குக்கு வருகிறது. கிளட்ச்சைப் பிரித்த பிறகு ரோட்டர் நட்டுக்கு வந்தால் பிரேக் பிடித்தும் பயன் இல்லை. பிளேட் வழுக்கினால் கிளட்ச் கேபிளில் ஃப்ரீ பிளே (சிறிது தளர்வு) இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இது வழக்கமான மரைதான். தளர்த்தி, இதையும் கையால் இறுக்கி விடுங்கள்.

## 8. ராக்கரும் ஹெட்டும்

பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை விட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். ஸ்ட்ரா ஏன்? கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ சாய்ந்து மாட்டினால் பிஸ்டனிலோ மரையிலோ கீறல் விழும். பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு முறை. இரண்டு வால்வும் மூடியிருக்கும், அதாவது இரண்டு புஷ்ராடும் (கேம் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) விரலால் சுழலும் கம்ப்ரெஷன் உச்சிதான் நமக்கு வேண்டும். வால்வு திறந்திருக்கும்போது ராக்கரைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒரு பக்கமாக ராக்கர் பிளாக்கில் ஏறும்.

ராக்கர் பிளாக்கின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஜோடியாகக் கடையப்பட்டவை. இன்லெட்டுக்கு ஒரு கவர், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கவர் என்று ஜோடி கலையாமல் போடுங்கள். புஷ்ராடுகளையும் அப்படியே, மேல் முனை எது என்று குறித்து.

ஹெட் நட்டுகளை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகுதான் தொட வேண்டும். எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுசாகக் கழற்றி அடுத்ததற்குப் போனால் அலுமினிய ஹெட் வளையும்.

ஹெட் எழும்பவில்லையா? போரின் துடுப்புகளுக்கிடையில் எதையும் கொடுத்து நெம்பாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். எல்லா நட்டையும் இரண்டு மூன்று சுற்று தளர்வாக வைத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, கையால் கிக்கரை அழுத்துங்கள். புஷ்ராட் இல்லாததால் வால்வுகள் மூடியே இருக்கும், உள்ளே அடைபடும் காற்று ஹெட்டைத் தூக்கிவிடும். கிளட்ச்சையும் பிரைமரி செயினையும் இதுவரை தொடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## 9. போரும் பிஸ்டனும்

போரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் எல்லாம் வெளியே தெரிவதில்லை. டேப்பட் கவரைக் கழற்றி, அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளேயும் நட் இருக்கும். "போர் ஒரு பக்கம் மட்டும் எழும்புகிறது" என்று சொல்லி அடிக்கத் தொடங்குபவர்கள் மறந்தது இதைத்தான்.

போர் கொஞ்சம் எழும்பியதும் நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் பனியன் துணியைத் திணித்து, கிராங்க் கேஸ் வாயை அடைத்த பிறகே முழுதும் உருவ வேண்டும். ரிங் ஏதாவது உடைந்திருந்தால் துண்டு துணியில் விழும். பிஸ்டன் வெளியே வரும் கணத்தில் ஒருவர் அதைக் கையில் தாங்க வேண்டும். விட்டால் கனெக்டிங் ராட் கிராங்க் கேஸ் விளிம்பில் போய் அடிக்கும்.

பிஸ்டனின் உள்பக்கம் முன்புறம் எது என்று கீறிக் குறியுங்கள். சர்க்ளிப்பை எடுக்கும்போது கண்ணாடி அணியுங்கள், எடுத்ததைக் குப்பையில் போடுங்கள். பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின் (pin) வராவிட்டால் கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிஸ்டனில் சுற்றிக் கொஞ்சம் பொறுங்கள். அலுமினியம் விரிந்து வழிவிடும். பக்கவாட்டில் அடித்தால் அந்த அடி முழுவதும் கனெக்டிங் ராட் வாங்கிக்கொண்டு வளையும்.

இப்போது கீழ்ப் பாகத்தைச் சோதிக்கலாம். பிக் எண்டில் டீசல் விட்டுப் பழைய ஆயிலைக் கழுவுங்கள், கெட்டியான ஆயில் தேய்மானத்தை மறைத்துவிடும். ராடை உச்சியில் நிறுத்தி, நேராக மேலும் கீழும் இழுத்து அமுக்குங்கள். பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பு. மேல்கீழாக "டக்" என்று உணர்ந்தால் பிக் எண்ட் போயிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை, வடிந்த ஆயிலிலும் செதில் இல்லை என்றால், என் கருத்து தெளிவானது: இங்கேயே நிறுத்துங்கள். போரைக் கடைசல் பட்டறையில் அளந்து, 20 அல்லது 40 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டுமா என்று கேட்டு, மேல் பாகத்தை முடித்துப் பூட்டுங்கள்.

## 10. கிளட்ச், பிரைமரி செயின்

கிளட்ச்சின் மூன்று ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் சமமாகத் தளர்த்தி, பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். மைய நட்டின் மடித்த வாஷரை நிமிர்த்தி, டாப் கியரில் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். கிளட்ச் மையம் நேராகக் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் இருப்பதால் பிளேட் இல்லாவிட்டாலும் இந்தப் பிடி நிற்கும்.

ரோட்டரையும் அதைக் கிராங்க்கில் நழுவாமல் பிடிக்கும் சின்னச் சாவியையும் (கீ) எடுத்து, ரோட்டரைச் சுத்தமான துணியில் சுற்றுங்கள். மேசையில் வைத்தால் இருக்கும் இரும்புத்தூள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் டிரம், செயின், எஞ்சின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் சேர்ந்துதான் வெளியே வரும், ஏனென்றால் செயினில் இணைப்புக் கண்ணி கிடையாது. பின்னால் உள்கவர்.

## 11. டைமிங் பல்சக்கரங்கள்

கைவைக்கும் முன், பினியனிலும் கேம் சக்கரங்களிலும் உள்ள குறிகள் நேர்க்கோட்டில் வரும்படி கிராங்க்கைச் சுற்றிப் படம் எடுங்கள். குறி தேய்ந்திருந்தால் பெயின்ட் புள்ளி வையுங்கள். பாயிண்ட் பிளேட் (தீப்பொறி விழும் நேரத்தை அமைப்பது) இருக்கும் நிலையையும் ஒரு கோடு கீறிக் காத்துக்கொள்ளுங்கள். பிறகு வார்மைக் கழற்றி, பினியனைப் புல்லரால் இழுங்கள். கேம்களை இன்லெட், எக்ஸாஸ்ட் என்று பெயரெழுதிப் பிரித்து வையுங்கள். கேம் சுற்றும் ஸ்பிண்டில்கள் கேஸில் இறுக்கி ஏற்றப்பட்டவை, தளர்வாக இல்லாவிட்டால் அவற்றை அசைக்காதீர்கள்.

## 12. சேஸிலிருந்து இறக்குதல்

புல்லட் சேஸில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன் குழாயைப் பின் பகுதியோடு இணைத்து நிறுத்துவதே எஞ்சின்தான். போல்ட்டை உருவுவதற்கு முன்பே, முன் குழாயின் கீழ் மரக்கட்டையோ ஜாக்கியோ வைத்து முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வண்டி முன்னால் சாயும். கிராங்க் கேஸைத் தூக்க இருவர் வேண்டும்.

## 13. கிராங்க் கேஸைப் பிரித்தல்

நட்டுகளையும் ஸ்டட்களையும் எண்ணிக் கழற்றுங்கள். பிரியாத கேஸில் எப்போதும் ஒரு ஸ்டட் மிச்சம் இருக்கும், பெரும்பாலும் அழுக்கு மூடிய அடிப்பக்கத்தில்.

ஹாட் ஏர் கன்னால் பேரிங்கைச் சுற்றிய பகுதியைத் தண்ணீர்த் துளி சட்டென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்குங்கள். ஸ்டீலைவிட அலுமினியம் சுமார் இரண்டு மடங்கு விரிவதால் பேரிங்கின் பிடி தளரும். மரச்சுத்தியால் தட்டி இரு பாதிகளையும் நேராகப் பிரியுங்கள். இணையும் முகத்தில் ஸ்க்ரூடிரைவர் நுழையவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறலை எந்தப் பேக்கிங் பசையாலும் முழுதாக மூட முடியாது.

இரு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒரு பாதி உடைந்திருந்தால் வேறு எஞ்சினின் பாதியைப் பொருத்தினால் பேரிங்குகள் நேராக அமையாது. எஞ்சின் எண்ணும் இந்தக் கேஸில்தான் இருக்கிறது. எண் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஃபிளைவீல்களை நீங்கள் பிரிக்க வேண்டாம். அதற்குப் பிரஸ்ஸும், திரும்பச் சேர்க்கும்போது ஓட்டம் பார்க்கும் கருவியும் தேவை. கனெக்டிங் ராடோடு அப்படியே துணியில் சுற்றி, புல்லட் கிராங்க் வேலை செய்து பழகிய லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். மீதி இருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஆயில் தடவி ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள். அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசி மூச்சில் போகக் கூடாது.